முப்பதுக்கு மேல் காட்டாத பெட்டி

எங்கள் ஊர் வடசேந்தூரில் வெளிநாட்டுக்குப் போன ஆண்கள் உண்டு, போகப் போகிறவர்கள் உண்டு, போய்த் திரும்பி வந்து எதை எடுத்தாலும் ‘அங்கெல்லாம்’ என்று பேச்சை ஆரம்பிக்கிறவர்கள் உண்டு; இந்த மூன்றிலும் சேராத ஆண் ஊருக்கு ஒருவர்தான் இருந்தார், அவரைத் தேடிப் பிடித்துத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். பெயர் சிங்காரவேலு. கடைத்தெருவில் பெட்டியும் பையும் தைக்கிற கடை வைத்திருந்தார். போகிறவர்களின் பெட்டிக்கு ஜிப் மாற்றி, வருகிறவர்களின் பெட்டிக்குச் சக்கரம் மாட்டி, அவர்கள் பெட்டியைத் தொட்டுத் தொட்டே தானும் பாதி விமானம் ஏறிவிட்ட மாதிரி ஒரு நடை நடப்பார். அந்த நடையைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

ஊரில் ஒருவன் புறப்படுகிறான் என்றால் அவன் வீட்டு வாசலில் ஒரு வாரத்துக்கு முன்பே செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும், ஒவ்வொருவர் வாயிலும் ‘சின்னப் பொட்டலந்தான்’ என்ற ஒரே வார்த்தை இருக்கும், மஸ்கட்டில் இருக்கிற மகனுக்கு முறுக்கு, சார்ஜாவில் இருக்கிற மருமகனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், பெயர் தெரியாத ஊரில் இருக்கிற அக்காள் மகனுக்கு மூட்டுவலித் தைலம் என்று, தங்கள் பாசத்தையெல்லாம் அடுத்த வீட்டுக்காரன் தோளில் ஏற்றி அனுப்புவதில் எங்கள் ஊரை அடிக்க ஆள் கிடையாது. விமானக்காரர்கள் ஒரு ஆளுக்கு முப்பது கிலோ என்று சொல்லியிருக்கிறார்கள். முப்பது கிலோ என்பது விமானக்காரர்கள் தங்கள் மேல் கொண்ட பொறாமை என்றே எங்கள் ஊர்க்காரர்கள் நினைத்தார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புறப்படுகிறவன் தன் பெட்டியைத் தானே மூடக் கூடாது. மூடினால் திரும்பி வர மாட்டானாம். கல்யாணம் ஆகாதவனுக்கு அம்மா மூட வேண்டும், ஆனவனுக்குப் பெண்டாட்டி. ஏறி உட்கார்ந்து, முழங்காலால் அமுக்கி, பல்லைக் கடித்து ஜிப்பை இழுத்து, பூட்டைப் போட்டு, சாவியை அவன் உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஆண்கள் சுற்றி நின்றுகொண்டு, ‘இழு, இழு, இன்னும் கொஞ்சம்’ என்று உற்சாகம் சொல்வார்கள். அந்த வேலையை மட்டும் எந்த ஆணும் இன்னொரு ஆணிடமிருந்து பிடுங்கிச் செய்து நான் பார்த்ததில்லை.

என் தம்பி புறப்பட்டபோது பெட்டி எடை கூடிப்போனது. விமான நிலையத்துத் தரையில், வருகிறவர் போகிறவர் கால்களுக்கு நடுவே, எங்கள் வீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, கருவாட்டுப் பொட்டலத்தையும் கைமுறுக்கையும் தம்பியின் பனியன் ஜட்டியையும் வெளியே எடுத்து வைத்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனாளாம். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

“ஊருக்கே பெட்டி தைக்கிறவன் நான். என் மச்சினன் பெட்டி பொறந்த மேனியா தரையில கிடக்குது” என்றார்.

“சாப்பிட்டுட்டு அழுவுங்க. ரசம் ஆறுது” என்றேன்.

அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. பெட்டிக்குள்ளேயே தராசு வைத்துத் தைப்பது என்று ஆரம்பித்தார். முதலில் மீன்காரர்கள் தொங்கவிடும் கொக்கித் தராசைக் கைப்பிடிக்குள் புதைத்தார். தூக்கியதும் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது, பெட்டி அங்கேயே இருந்தது. பிறகு நான் உளுந்து நிறுக்க வைத்திருந்த சின்ன கரண்ட் தராசைக் கேட்காமல் கொள்ளாமல் பிரித்தார். பக்கத்து வீட்டாரிடம் ஒன்று, மருந்துக்கடையில் பழுதானது ஒன்று என்று சேர்த்து, நான்கு சக்கரங்களுக்கு மேலும் நான்கு தகடுகளை வைத்து, வயரை அடிப்பலகையில் ஓட்டி, மூடியின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தார். பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் ஜன்னலில் சிவப்பாக எண் எரியும். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

முதலில் செய்த பெட்டிகள் உள்ளதை உள்ளபடி காட்டின. அதுதான் வந்த வினை. வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராகச் சண்டைக்கு வந்தார்கள். காத்தமுத்து என்று ஒருவர், மூன்று மகன்களையும் துபாய்க்கு அனுப்பிவிட்டு மீசையை மட்டும் வளர்த்துக்கொண்டிருப்பவர், பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார்.

“ஏன்யா சிங்காரம், என்னய்யா பெட்டி இது? முப்பத்தேழு காட்டுது!”

“முப்பத்தேழு இருக்குண்ணே. அதான் காட்டுது.”

“இருக்கிறது எனக்குத் தெரியாதா? நாந்தானே வெச்சேன்? முப்பது காட்டுறதுக்குத்தானே உங்கிட்ட வாங்கினேன்!”

சுற்றி நின்றவர்கள் அதில் இருந்த நியாயத்தைக் கண்டு தலையாட்டினார்கள். ஊரே வந்து திட்டித் திட்டி, ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், கையில் இருந்த சுத்தியலை ஓங்கிக்கொண்டு, அப்போதுதான் தைத்து முடித்திருந்த நீலப் பெட்டியைப் பார்த்து, “முப்பதுக்கு மேல காட்டினே, மண்டையைப் பொளந்துருவேன். யார் என்ன வெச்சாலும் முப்பதுதான். கேட்டுதா?” என்று கத்தினார்.

பெட்டி கேட்டுக்கொண்டது. இந்த ஜன்மத்தில் அவர் சொல்லிக் கேட்ட பொருள் அது ஒன்றுதான்.

அந்த நீலப் பெட்டியில் அரிசி மூட்டையை வைத்தார்கள், முப்பது காட்டியது. அதற்கு மேல் தோசைக்கல்லை வைத்தார்கள், முப்பது. விமான நிலையத்து எடைமேடையில் ஏற்றினார்கள், அந்த மேடையும் முப்பது என்றது. தூக்கிப் பார்த்தால் தூக்குகிறவன் கைக்கும் முப்பதுதான் தெரிந்தது. அதன் பிறகு அவர் தைத்த பெட்டியெல்லாம் அப்படியே ஆனது. இது எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ‘சிங்காரம் தொழில் கத்துக்கிட்டான்’ என்றார்கள், அவ்வளவுதான். நமக்கு வேண்டியபடி நடக்கிற எதையும் எங்கள் ஊர் அதிசயம் என்று சொல்வதில்லை.

பெட்டிக்கு இடம்தான் அளவு, கனம் அளவில்லை என்றானதும் ஊருக்குப் புத்தி எந்தப் பக்கம் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? அதுவரை முறுக்கும் அதிரசமும் அனுப்பியவர்கள் இரும்பையும் கல்லையும் அனுப்ப ஆரம்பித்தார்கள். மிக்ஸியில் அரைத்த சட்னி மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருத்தி அம்மிக்கல்லையே அனுப்பினாள், குழவி அடுத்த ஆள் பெட்டியில் போனது. ஒருவன் தேங்காய் உரிக்கிற கடப்பாரையை இரண்டாக வெட்டி அனுப்பினான். சார்ஜாவில் எட்டாவது மாடியில் குடியிருந்த இன்னொருவனுக்கு, பால்கனியில் கறிவேப்பிலை வைக்க வேண்டும், அதுவும் சொந்த வயலின் மண்ணில்தான் வைக்க வேண்டும் என்று ஏக்கம் வந்துவிட்டதாம். இங்கே இருந்தவரை அந்த வயலில் அவன் கால் வைத்ததை யாரும் கண்டதில்லை. மண்ணை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள்.

அத்தனை கனமும் எங்கே போனது என்று ஒருவனும் கேட்கவில்லை.

முதலில் தெரிந்தது மலர்க்கொடிக்கு. காத்தமுத்துவின் மூத்த மருமகள், ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். அந்த அம்மிக்கல் வைத்த கணவனின் பெட்டியை மூடி, சாவியைக் கொடுத்து, வேன் தெரு திரும்புகிற வரை கையாட்டிவிட்டு, வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி நான்கு காலையும் நான்கு பக்கம் விரித்துக்கொண்டு படுத்துவிட்டது. எழுந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள், கயிறு அறுந்தது. உடம்பில் ஒரு சுற்றுகூடக் கூடவில்லை, பழைய ரவிக்கை அப்படியே பொருந்தியது, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ரேஷன் கடை எடைமேடையில் ஏறி நின்றபோது கடைக்காரர் முள்ளைப் பார்த்து, “மூட்டையை இறக்கி வெச்சுட்டு ஏறும்மா” என்றார். அவள் கையில் மூட்டை எதுவும் இல்லை.

பிறகு ஒவ்வொரு வீடாக அது நடந்தது. எவள் பெட்டியை மூடினாளோ அவள் மேல் முப்பதுக்கு மேற்பட்டதெல்லாம் வந்து இறங்கியது. மூடிய அந்த நிமிஷமே இறங்கியது. எங்கள் பெண்கள் மெலிந்த உடம்போடு எருமை நடை நடந்தார்கள், அவர்கள் படியேறினால் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தன, வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகையில் அவர்களை நடக்க விடாமல் தூரத்துப் பாலத்தைச் சுற்றிப் போகச் சொன்னார்கள், மினி பஸ் கண்டக்டர், “துபாய் ஆளுங்க ரெண்டு பேரு இந்தப் பக்கம், மஸ்கட் ஆளு அந்தப் பக்கம்” என்று வண்டி சாயாமல் பிரித்து உட்காரவைத்தான், தச்சர் இரும்புச் சட்டம் அடித்த முக்காலிகளைச் செய்து குவித்தார், வரும் மாப்பிள்ளை வீட்டார் அந்த முக்காலியைச் சீராகக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. சுகாதார நிலையத்து டாக்டர், சோற்றைக் குறை என்று எல்லோருக்கும் ஒரே வைத்தியம் சொன்னார். என்ன கஷ்டம் என்று கேட்டால் ஆண்கள், “புருஷன் ஊருக்குப் போன துக்கம், மனசுல கனம் இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூட ஆண்களை மட்டும் திட்டிவிட்டு நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பெண்கள் செய்த கூத்து இருக்கிறதே. மழை பெய்து தெரு சகதியானால் எவள் கால் எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்று மாமியார்கள் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கணுக்கால் வரை பதிந்தால் வசதியான வீடு. பாதம் மட்டும் பதிந்தால் ‘ஐயோ பாவம், அவனுக்கு அங்க சரியான வேலை இல்லை போல’. எங்கள் எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, கணவன் போய்ச் சேர்ந்த இடத்தில் வேலையே இல்லாமல் திண்டாடுகிறான், இவள் சகதியில் வேண்டுமென்றே குதித்துக் குதித்து நடந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துப்பினேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தின்கிற பண்டத்தின் கனம் அங்கே தின்று தீர்ந்ததும் இங்கே இவள் மேலிருந்து இறங்கிவிடும். பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறவள் திடீரென்று நிமிர்ந்து, “பணியாரம் தீர்ந்துட்டுது போலருக்கு, முதுகு லேசாச்சு” என்பாள், அவள் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அம்மிக்கல்லை யாரும் தின்று தீர்ப்பதில்லை. மலர்க்கொடிக்கு அந்தக் கல் இறங்கவே இல்லை. கணவனுக்குப் போன் போட்டு, அதில் அரைக்கிறாயா என்று கேட்டிருக்கிறாள். அரைக்கவில்லையாம். காற்றுக்கு அறைக் கதவு அடித்துக்கொள்கிறதாம், அதற்கு முட்டுக்கொடுக்க வசதியாக இருக்கிறதாம்.

என் மகள் இளவரசியை நான் கட்டிக்கொடுத்ததும் இந்த ஊரில்தான், இதே மாதிரி ஒரு வீட்டில்தான். மருமகன் நெடுஞ்செழியன் சார்ஜாவில் ஏசி போடுகிற வேலை. பையன் கெட்டவன் இல்லை. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன், அதை ஊரில் நல்ல குணம் என்பார்கள். அவன் சொல்லாத ஒவ்வொரு மாட்டேனுக்கும் என் மகள்தான் முதுகு கொடுத்தாள். முதல் தடவை அவன் போனபோது அவள் மூடிய பெட்டியில் இருந்த இரும்புச் சாமான் பாதி இன்னும் அவள் மேல் இருந்தது. அவன் லீவில் வந்தான், அவள் உண்டானாள், லீவை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டான். மறுபடி புறப்படுகிற நாள் நெருங்கும்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

சுகாதார நிலையத்து நர்ஸ் செல்வநாயகி இந்த விஷயத்தில் டாக்டரைவிடத் தெளிவானவள். வருகிற கர்ப்பிணியிடம் எல்லாம் ரத்தக்கொதிப்பு பார்ப்பதற்கு முன்பே, “பெட்டி மூடினியா? எத்தனை?” என்றுதான் கேட்பாள். இளவரசியின் இடுப்பை அமுக்கிப் பார்த்தாள். கட்டில் முனகியது.

“இருக்கிறதே அதிகம். இன்னொரு பெட்டியை இவ மூடினான்னா புள்ள தங்காது. நான் சொல்லிட்டேன்கா. அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க” என்றாள்.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் இயல்பிலேயே எதற்கும் பதறுகிறவள், பால் பொங்கினாலே கை நடுங்கும், அதனால் என் பதற்றத்தை வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பதற்றத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் கண்டுபிடித்தேன். திரும்பி வருகிற ஆண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரே குறையைச் சொல்வார்கள்: அங்கிருந்து வரும்போது மட்டும் பெட்டி சரியாக வேலை செய்வதில்லை, சோப்பும் சென்ட்டும் பால்பவுடரும் வைத்தால் நாற்பதுக்கு நாற்பதைக் காட்டுகிறது. அந்த ஊர்க் காற்று வயருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இவர் பதில் சொல்வார். நான் மருமகனைக் கேட்டேன்.

“அங்கேருந்து வர்றப்ப பெட்டிய யாரு மூடினது மாப்பிள்ளை?”

“நாந்தான் அத்தை. அங்க வேற யாரு இருக்கா?”

அவ்வளவுதான் விஷயம். தனக்குத்தானே மூடிக்கொள்கிறவனிடம் பெட்டி பொய் சொல்வதில்லை. கனத்தைத் தள்ளிவிட இன்னொரு ஆள் வேண்டும் அதற்கு. இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாயில் வைத்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

“எட்டாங்கிளாஸோட நின்னவ எனக்குத் தராசு பத்திச் சொல்ல வந்துட்டா.”

“நீங்க ஒன்பதாங்கிளாஸுல ரெண்டு வருஷம் உக்காந்தவரு. அதனால உங்களுக்கு ரெண்டு மடங்கு தெரியுமோ?”

“எல்லாம் பொம்பளைங்க மனப்பிராந்தி, கோதை. வேலை இல்லாம உக்காந்து யோசிச்சா உடம்பு கனமாத்தான் தெரியும்.”

“உங்க மவளுக்குப் புள்ள தங்காதுங்கறா நர்ஸு.”

“நர்ஸு என்ன, பெட்டி தைக்கிறவளா?”

புறப்படுகிற நாள் வந்தது. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கறிவேப்பிலைக்காரனுக்கு வயல் மண் ஒரு சாக்கு, யாருக்கோ இரும்புச் சட்டி மூன்று, யாருக்கோ உரல் குழவி, நடுவில் மருமகனின் சொந்தச் சட்டை இரண்டு, அதைக்கூட மண் படாமல் வைக்க இடமில்லை. தெருவே கூடத்தில் நின்றது. படுத்துக் கிடந்தபடியே மூடியின் ஜன்னலில் முப்பது என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, வெட்கமில்லாமல். இளவரசி சுவரைப் பிடித்துக்கொண்டு உள் அறையிலிருந்து வந்தாள்; அவள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் அலமாரியில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன.

“வாம்மா, நேரமாச்சு, வந்து மூடு” என்றாள் சம்பந்தி மங்கையர்க்கரசி.

“அவ மூட மாட்டா. மாப்பிள்ளை, நீங்களே மூடுங்க” என்றேன்.

மருமகன் தன் அம்மாவைப் பார்த்தான்.

“நல்லாருக்கு சம்பந்தியம்மா நீங்க பேசுறது! தன் கையால மூடிட்டுப் போனவன் திரும்புவானா? எம்புள்ள திரும்பி வரக் கூடாதா?”

“உங்க பேரன் வரணுமா வேண்டாமா?”

“அப்படின்னா நீங்க மூடுங்க. பெத்தவதானே? எனக்குத்தான் முழங்கால் தேய்ஞ்சு கிடக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது நல்ல யோசனை என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. ஏன், என் கையே பெட்டிப் பக்கம் போய்விட்டது. ஜிப்பின் நாக்கைப் பிடித்தும்விட்டேன். எத்தனை வருஷப் பழக்கம், யாராவது ‘நீ செய்’ என்றால் உடம்பு யோசிக்காமல் குனிந்துவிடுகிறது. குனிந்த இடத்தில்தான் பார்த்தேன், எனக்கு எதிரே, பெட்டியைச் செய்தவர், வெற்றிலையை மடித்தபடி, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்.

கையை எடுத்துக்கொண்டேன்.

“இவரு மூடட்டும்” என்றேன்.

“நானா?”

“மூடுறதால ஒண்ணும் ஆவறதில்லை, எல்லாம் பொம்பளைங்க மனப்பிராந்தின்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்கள்ல? பிராந்தி இல்லாத ஆம்பளை நீங்க மூடுங்க. மாமனாரு அப்பா மாதிரி, சாங்கியத்துக்கும் குறை இல்லை.”

“ஆம்பளை எங்கியாவது பெட்டி மூடுவானா?” என்றார் அவர், சிரிக்கப் பார்த்து.

“ஏன்யா சிங்காரம், பயமாருக்கா?” என்று கேட்டது காத்தமுத்துதான். விளையாட்டுக்குக் கேட்டார். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். ஆண்கள் ஆண்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்கு இருக்கிற பலம் பெண்டாட்டி அழுகிற அழுகைக்குக் கிடையாது என்பது எனக்கு முன்னமே தெரியும்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தார், முழங்காலால் அமுக்கினார், ஜிப்பை இழுத்தார். அவர் தைத்த ஜிப் தானே, வழுக்கிக்கொண்டு ஓடியது. பூட்டைப் போட்டு, சாவியை மருமகன் கையில் வைத்து, “பார்த்தீங்கள்ல?” என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து காலை இறக்கித் தரையில் ஊன்றினார்.

காவி பூசின சிமெண்டுத் தரை, சம்பந்தி வீட்டார் போன வருஷம்தான் போட்டது, அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டு காலும் கணுக்கால் வரை உள்ளே போய் நின்றார்.

அவர் முகம் வேர்த்தது. ஒரு காலைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை.

“ஒண்ணுமில்லை. வாயு” என்றார்.

நான் இளவரசியைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே படுக்கவைத்தேன். ‘அப்பாவைப் பாரும்மா’ என்றாள் அவள். ‘பார்த்தேன்டி, நல்லாத் தெரிஞ்சுது’ என்றேன்.

அவரைத் தோண்டி எடுத்து, சிமெண்டுத் துகளைத் தட்டி, லோடு வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மருமகன் முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினான். மறுநாள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெண்கள் கால் தெருவில் புதைந்துகொண்டிருந்த காலமெல்லாம் அது மனசுக் கனம், குடும்பப் பெருமை; ஒரே ஒரு ஆணின் கால் புதைந்ததும் அது ஊருக்கு வந்த கேடு ஆகிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து, ஆரம்பத்திலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது என்றார்கள். இது நம் வீட்டுப் பெண்களைப் பாதித்திருக்கலாம் என்று காத்தமுத்து சொன்னபோது அவர் குரல் கம்மியது. அப்படிக் கம்மிய குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதைத் தாளித்துச் சட்னியில் கொட்டவா?

இனிமேல் யாரும் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது, அங்கே இருக்கிற கல்லையும் இரும்பையும் மண்ணையும் உடனே தூக்கி எறிய வேண்டும் என்று முடிவானது. போன் மேல் போன் பறந்தது. முதலில் எறியச் சொன்னது எங்கள் வீட்டுக்காரர் கணக்கில் இருந்ததைத்தான். எட்டாவது மாடியில் மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கறிவேப்பிலைக்காரன் கழிவறையில் கொட்டி அடைத்துக்கொண்டானாம். இங்கே இவர் ஈசிச்சேரில் மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் இருக்கு, இடது தோள்ல, கேளு, கொட்டிட்டானான்னு கேளு” என்று அரற்றினார். நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் கேட்டேன்.

எல்லாச் சாமானும் போனதில் பெண்களுடையதும் சேர்ந்து போனது, கூட்டுகிறபோது மூலையில் இருந்ததும் சேர்ந்து வருகிற மாதிரி. தெருவில் பெண்கள் லேசாக நடந்தார்கள். கொஞ்ச நாளைக்குப் பழக்கம் இல்லாமல் தடுமாறினார்கள், குடத்தைத் தூக்கியவள் தேவைக்கு மேல் தூக்கித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி மட்டும் மழைக்குப் பிறகு தன் காலடியைத் திரும்பிப் பார்த்து, இப்போது எல்லோருடையதும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டாள். மலர்க்கொடிக்குக் கல் இறங்கவில்லை. கேட்டதற்கு, “கதவு அடிக்குமாம்கா, தூக்கம் கெடுதாம், பாவம்” என்றாள். அவளிடம் பேசி என் வாயை நான் கெடுத்துக்கொள்ளவில்லை.

இளவரசிக்கு மாசி மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் வலி எடுத்தது. பிள்ளை குறை மாதத்தில் நழுவாமல், நாள் நிறைந்து, பெரிய தொந்தரவு கொடுக்காமல் வந்தது. பெண் குழந்தை. செல்வநாயகி துடைத்துச் சுற்றி, எடை பார்க்கும் தட்டுப் பக்கம் திரும்பினாள். அது எத்தனை என்று சொல்வதற்குள் நான் வெளியே வராந்தாவுக்கு ஓடினேன், என் பதற்றம்தான் தெரியுமே, நல்ல எண்ணானாலும் எனக்குக் கேட்கத் தைரியமில்லை. வராந்தாவில் அத்தனை பேரும் நின்றார்கள். சம்பந்தி, “எத்தனை கிலோ?” என்றாள். காத்தமுத்து, “எடை எவ்வளவும்மா?” என்றார். எங்கள் வீட்டுக்காரர், பேத்தியா பேரனா என்றுகூடக் கேட்கவில்லை, “மூணு இருக்குமா? மூணுக்குக் கீழேன்னா ஆகாதே” என்றார். ஒருவனுக்கும் வேறு கேள்வி வரவில்லை. நான் உள்ளே திரும்பிப் போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, யார் மேலோ கோபமாக இருக்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

இளவரசி களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில் போன் அடித்தது. சார்ஜாவிலிருந்து மருமகன்.

“அத்தை! பொண்ணாமே! அம்மா சொன்னாங்க” என்றான், சந்தோஷத்தில் குரல் உடைந்து. “எத்தனை கிலோ அத்தை?”

“வந்து தூக்கிப் பாருங்க மாப்பிள்ளை” என்று சொல்லி போனை வைத்துவிட்டு, குழந்தையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.